150 ஏஹெச் என்றால் எத்தனை மணி நேரம்? ஒரு ட்யூபுலர் பேட்டரியுடன் 14 மாதங்கள்

2024 பிப்ரவரியில் தருமபுரி நகரத்துக் கடை ஒன்றில் 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) திறனுள்ள உயர ட்யூபுலர் (குழாய் வடிவத் தகடுள்ள) பேட்டரியையும் 900 விஏ (வோல்ட்-ஆம்பியர்) சைன்வேவ் இன்வெர்ட்டரையும் சேர்த்து 22,500 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய பேட்டரியை எடைக்குப் போட்டுக் கழித்துக்கொண்டது போக நான் கையிலிருந்து கொடுத்த தொகை அது. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு முழுக் கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் ஒரு பனிக்காலத்தையும் பார்த்துவிட்ட பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் விற்ற கடையின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி, மேலே 150 என்று அச்சிட்டிருக்கும் எந்தப் பேட்டரிக்கும் பொருந்தும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் எங்கள் வீட்டுச் சுமையை ஒவ்வொன்றாகச் சொன்னேன். சாதாரண மின்விசிறி இரண்டு, எல்இடி ட்யூப்லைட் இரண்டு, பல்பு நான்கு, ஒரு தொலைக்காட்சி, இணைய ரௌட்டர் ஒன்று என எல்லாமாக ஏறத்தாழ 300 வாட் வந்தது. அவர் கால்குலேட்டரில் 12 வோல்ட்டை 150 ஆல் பெருக்கி, வந்த 1,800 ஐ 300 ஆல் வகுத்து, "ஆறு மணி நேரம் தாராளமா ஓடுங்க சார்" என்றார். கணக்கு என்ற அளவில் அதில் பிழை கிடையாது. ஆனால் அடுத்த மாதம் எங்கள் துணை மின்நிலையத்தில் பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட நாளில், 11.50 க்கெல்லாம் இன்வெர்ட்டர் கூவத் தொடங்கி நின்றுவிட்டது. ஆறு மணி நேரம் என்று சொல்லி விற்கப்பட்டது மூன்று மணி நேரத்தைக்கூடத் தொடவில்லை. 2012 ஆம் ஆண்டின் மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். இரண்டேமுக்கால் மணி நேரம் அவ்வளவு மோசமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனாலும் மீதி மூன்று மணி நேரம் எங்கே போனது என்ற கேள்வி விடவில்லை. பேட்டரியைத் திட்டுவதற்கு முன்னால் அதை அளந்து பார்ப்பது என்று முடிவுசெய்தேன்.

முதலில் அந்த 150 என்ற எண்ணின் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பேட்டரியின் பக்கவாட்டில் 150 ஏஹெச் என்பதற்குப் பக்கத்திலேயே, கடைக்காரர் கவனிக்காத, நானும் கவனிக்காத சிறிய எழுத்தில் சி-20 என்று இருக்கிறது. 27 பாகை செல்சியஸ் வெப்பத்தில், 7.5 ஆம்பியர் என்ற மெதுவான வேகத்தில் மின்சாரத்தை எடுத்தால், மின்னழுத்தம் 10.5 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் 20 மணி நேரம் தாங்கும் என்பதே அதன் பொருள். 7.5 ஆம்பியர் என்பது சுமார் 90 வாட். அதாவது ஒரு பழைய மின்விசிறியும் ஒரு எல்இடி பல்பும். அப்படி ஓட்டினால் அந்த 150 முழுவதும் கிடைக்கும், அதில் பொய்யில்லை. எங்கள் வீடோ அதைப்போல நான்கு மடங்கு வேகத்தில் எடுத்துக்கொண்டிருந்தது. சூரிய மின்தகடுகளுக்கென விற்கப்படும் பேட்டரிகளில் பெரும்பாலும் சி-10 என்று குறித்திருப்பார்கள். அங்கே 150 என்றால் 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம். இரண்டிலும் எண் ஒன்றாகவே இருந்தாலும் சி-10 பேட்டரிதான் பெரியது. விலையிலும் எடையிலும் உள்ள வித்தியாசத்துக்கு அதுவே காரணம்.

வேகமாக எடுத்தால் திறன் ஏன் குறைகிறது என்பதை எங்கள் பகுதி விவசாயி எவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஊற்று மெதுவாகச் சுரக்கும் கிணற்றில் பெரிய மோட்டாரைப் போட்டால், சிறிது நேரத்தில் ஃபுட்வால்வு காற்றை இழுக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டு வயலைச் சுற்றி வந்து பார்த்தால் மறுபடியும் தண்ணீர் நிற்கும். என்னுடையதைப் போன்ற ஈய-அமில பேட்டரிக்குள்ளும் இதுதான் நடக்கிறது. தகடுகளின் நுண்துளைகளில் இருக்கும் அமிலம் முதலில் செலவாகிறது. வெளியே தகடுகளுக்கு இடையில் இருக்கும் அமிலம் உள்ளே ஊறிப் போவதற்கு நேரம் வேண்டும். அதற்குள் நாம் இழுத்துக்கொண்டே இருந்தால் மின்னழுத்தம் சரிந்து, உள்ளே இன்னும் சரக்கு இருக்கும்போதே இன்வெர்ட்டர் கதவைச் சாத்திவிடுகிறது. அன்று இன்வெர்ட்டர் நின்று அரை மணி நேரம் கழித்து என் தந்தையார் அதை மீண்டும் தட்டிவிட்டார். மின்விசிறி பத்து நிமிடம் சுற்றியது. "உள்ள இன்னும் இருக்குதுப்பா" என்றார் அவர். அவர் சொன்னது சரிதான். எடுக்கும் வேகத்துக்கும் கிடைக்கும் திறனுக்கும் உள்ள இந்த உறவை பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897 ஆம் ஆண்டிலேயே சூத்திரமாக எழுதி வைத்துவிட்டார். எங்கள் கடைக்காரரின் கால்குலேட்டருக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

இரண்டாவது கசிவு இன்வெர்ட்டரிலேயே இருக்கிறது. பேட்டரியின் 12 வோல்ட் நேர்மின்சாரத்தை 230 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றும்போது 15 முதல் 20 சதவீதம் வரை வெப்பமாகப் போய்விடுகிறது. வீட்டில் 300 வாட் செலவானால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 360 வாட், அதாவது 30 ஆம்பியர் வெளியேறுகிறது. அந்த வேகத்தில் என்னுடைய பேட்டரி சுமார் 100 ஏஹெச்தான் கொடுக்கும். ஆக மூன்றேகால் மணி நேரம். எல்லாம் ஒழுங்காக இருந்தாலே இவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகும் எனக்கு அரை மணி நேரம் குறைந்தது. அந்த அரை மணி நேரத்தைத் தேடியபோதுதான் கடையின் வேலைத்தரம் வெளிப்பட்டது.

பொருத்த வந்தவர் இன்வெர்ட்டரை வரவேற்பறைச் சுவரிலும், பேட்டரியை வெளியே மாடிப்படியின் அடியிலும் வைத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே 3 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்துவிட்டுப் போயிருந்தார். போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என 6 மீட்டர் செம்புக் கம்பியில் 30 ஆம்பியர் பாயும்போது அரை வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே இழப்பாகிறது. 230 வோல்ட்டில் அரை வோல்ட் எந்தக் கணக்கிலும் வராது, ஆனால் 12 வோல்ட்டில் அது பெரிய தொகை. இன்வெர்ட்டர் தன் முனையில் 10.5 வோல்ட்டைப் பார்த்து நிற்கும்போது பேட்டரியின் முனையில் 11 வோல்ட் இருந்ததை மல்டிமீட்டரில் நானே பார்த்தேன். கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, எல்லா வீடுகளிலும் இதே கம்பிதான் போடுகிறோம் என்றார்கள். இரண்டு வாரம் வற்புறுத்திய பிறகு ஆள் அனுப்பி, பேட்டரியை உள் நடைக்கு மாற்றி, ஒரு மீட்டர் தூரத்தில் 16 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டுக் கொடுத்தார்கள். தாங்கள் செய்த தவற்றைத் திருத்த 850 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள் என்பது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இருந்தாலும் அடுத்த மாதப் பராமரிப்பு நாளில் அதே 300 வாட் சுமை 3 மணி 20 நிமிடம் ஓடியது.

பேட்டரியை உள்ளே கொண்டுவந்ததில் இன்னொரு நன்மையும் கிடைத்தது, அதை நான் அப்போது எதிர்பார்க்கவில்லை. மாடிப்படியின் அடியில் மேற்கு வெயில் நேராக விழும் இடம் அது. தருமபுரியின் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதப் பிற்பகலில் அங்கே வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது 43 பாகை காட்டியது. வெப்பம் கூடினால் ஈய-அமில பேட்டரி அன்றைக்குச் சற்றுக் கூடுதலாகவே மின்சாரம் கொடுக்கும் என்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். பாதிக்கப்படுவது அதன் ஆயுள். வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது இத்துறையில் நெடுங்காலமாகக் கையாளப்படும் தோராயக் கணக்கு. குளிரில் இதற்கு நேர்மாறு: ஆயுளுக்குக் கேடில்லை, அன்றைய திறன் குறையும். மார்கழி விடியற்காலையில் பேட்டரி சற்றே சோம்பலாக இருப்பதை நானும் கவனித்தேன், ஆனால் அந்த நேரத்தில் மின்விசிறி யாருக்கும் வேண்டியதில்லை. உள்ளே வைப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். எங்கள் உறவினர் ஒருவர் பூஜை அலமாரிக்குக் கீழேயே, விளக்கெரியும் இடத்திலிருந்து இரண்டடியில் பேட்டரியை வைத்திருந்தார். பார்த்த அன்றே அதை இடம் மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் மாதம் நேர்ந்த ஒரு குழப்பத்தைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனெனில் எங்கள் பகுதியில் பலர் இதை பேட்டரியின் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். மாலையில் மின்சாரம் போனால் ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை. பகலில் மின்தடையே இல்லாத நாட்களிலும் அப்படித்தான். காரணம் இன்வெர்ட்டரின் பின்புறத்தில் இருந்த சிறிய சுவிட்ச். அதை யுபிஎஸ் நிலையில் வைத்திருந்தார்கள். அந்த நிலையில் வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்குக் கீழே போனால், கணினிக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இன்வெர்ட்டர் தானாக பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். தக்காளித் தோட்டங்களுக்கு மும்முனை மின்சாரம் விடும் நேரத்தில் சுற்றுவட்டார மோட்டார்கள் அத்தனையும் ஒன்றாக ஓட, எங்கள் வீட்டில் 170 வோல்ட்தான் இருக்கும். விளக்கெரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, மின்சாரம் இருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் பேட்டரிதான் கரைந்துகொண்டிருந்தது. சுவிட்சைச் சாதாரண நிலைக்கு மாற்றியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. மேசைக் கணினி இல்லாத வீட்டில் யுபிஎஸ் நிலைக்குத் தேவை எதுவும் இல்லை. பொருத்துபவர் வீட்டாரிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி இது, எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

விஏ என்பதையும் ஏஹெச் என்பதையும் குழப்பிக்கொள்வது மிகவும் பரவலாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் கூடுதல் நேரம் ஓடும் என்று நம்பி 1,100 விஏ இன்வெர்ட்டர் வாங்கினார். பேட்டரி என்னுடையதைப் போன்ற அதே 150 தான். விஏ என்பது ஒரே சமயத்தில் எத்தனை பொருள்களை ஓட்டலாம் என்பதைச் சொல்கிறது, எவ்வளவு நேரம் ஓடும் என்பதை பேட்டரிதான் தீர்மானிக்கிறது. மிக்சி போடலாம் என்ற வசதி அவருக்குக் கிடைத்திருக்கிறது. மிக்சி போடப் போட நேரம் குறைகிறது என்பதையும் இப்போது அவர் கண்டுகொண்டார்.

தண்ணீர் விஷயத்தில் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் என்னுடைய முந்தைய பேட்டரியைக் கெடுத்தது நான்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். ஃப்ளூரைடு மிகுந்த அந்த நீரால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்டதை முன்னிட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குடிக்க ஆகாது என்று நாம் ஒதுக்கிய அந்த ஆழ்துளைக் கிணற்று நீரை, அவசரத்துக்கு என்று முன்பு இரண்டு முறை பேட்டரியில் ஊற்றியிருக்கிறேன். அதில் கரைந்திருக்கும் இரும்பு, குளோரைடு போன்றவை தகடுகளை அரித்து, பேட்டரி தானாகவே சார்ஜ் இழக்கும்படி செய்துவிடும். ஐந்தாண்டு வர வேண்டிய அந்த பேட்டரி மூன்றாண்டில் முடிந்துபோனது. இந்தமுறை பொருத்த வந்தவரும் "ஆர்ஓ தண்ணியே போதுங்க" என்றார். எங்கள் வீட்டு ஆர்ஓ நீரில், கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 60 காட்டுகிறது, ஆழ்துளைக் கிணற்று நீரில் 1,400 காட்டுகிறது. குடிக்க 60 நல்லதுதான். பேட்டரிக்குத் தேவை ஏறத்தாழச் சுழியம். ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று வாங்கினால் சில ஆண்டுகளுக்கு வரும், இதில் மிச்சம் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. பேட்டரிக்குள் இருக்கும் ஆறு அறைகளின் நீர்மட்டம் காட்டும் மிதவைகளையும் மாதம் ஒருமுறை பார்க்கிறேன். இதுவரை மொத்தம் ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஊற்றியிருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் கோடையில். முழுதும் சார்ஜ் ஏறிய பிறகு, மிதவையின் மேல் கோட்டைத் தாண்டாமல் ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் வழிந்து, முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். அந்தப் பூப்பும் மெல்லிய கம்பியைப் போலவே மின்னழுத்தத்தைத் தின்னும். வெந்நீரில் துடைத்து, வாஸ்லின் தடவிவிட்டால் மூன்று நான்கு மாதம் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

இன்வெர்ட்டரின் முகப்பில் பேட்டரியின் நிலை சதவீதமாகத் தெரிகிறது. அதை நம்ப வேண்டாம் என்பேன். மின்னழுத்தத்தைப் பார்த்துப் போடும் ஊகம் அது. மின்சாரம் போன ஐந்தாவது நிமிடத்தில் 80 என்று காட்டும், தொலைக்காட்சியை அணைத்தால் 90 க்கு ஏறும். உண்மையைச் சொல்வது ஹைட்ரோமீட்டர். வாகன உதிரிபாகக் கடையில் 150 ரூபாய்க்குக் கிடைத்த அந்தக் கண்ணாடிக் குழாயால் ஆறு அறைகளிலும் அமிலத்தின் அடர்த்தியை அளக்கிறேன். முழுதும் ஏறிய நிலையில் ஆறிலும் 1.240 ஐ ஒட்டியே இருக்கிறது. ஏதேனும் ஓர் அறை மட்டும் தொடர்ந்து கீழே நின்றால் அது நோயின் தொடக்கம், உத்தரவாத அட்டையை எடுக்க வேண்டிய நேரம். என் அட்டையில் 36 மாதம் முழு மாற்று, அதன்பின் 24 மாதம் பயன்படுத்திய காலத்தைக் கழித்துக்கொண்டு விலைத் தள்ளுபடி என்று இருக்கிறது. கடையில் இதைச் சேர்த்து "60 மாத வாரன்ட்டி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். தயாரித்த மாதத்தையும் பார்த்து வாங்க வேண்டும். ஈய-அமில பேட்டரி கிடங்கில் சும்மா கிடந்தாலே சார்ஜ் குறையும், குறைந்த நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுத் திறன் நிரந்தரமாகப் போய்விடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர்கள் மெயினை அணைத்துவிட்டுப் போவதாலும் இதே கேடு வரும்.

தரத்தைப் பற்றி மட்டும் கேட்டால், பேட்டரி எனக்குக் குறை வைக்கவில்லை. 55 கிலோவுக்கு மேல் எடை இருக்கிறது. அதே 150 என்ற எண்ணைப் போட்டுக்கொண்டு கணிசமாக இலேசாக இருக்கும் பேட்டரிகளையும் அதே கடையில் தூக்கிப் பார்த்தேன். இந்தச் சரக்கில் எடை என்பது ஈயம், ஈயம் என்பது திறன். இன்வெர்ட்டர் சுமார் ரகம். அது கொடுக்கும் மின்சாரத்தின் அலை சுத்தமாக இருப்பதால் மின்விசிறி உறுமுவதில்லை, ஆனால் சார்ஜ் ஏற்றும் வேகம் 12 ஆம்பியர்தான், தொடர்ந்து மின்தடை வரும் நாட்களில் அது போதவில்லை. கடைக்கு நான் மதிப்பெண் கொடுக்க விரும்பவில்லை. லித்தியம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 12.8 வோல்ட், 100 ஏஹெச் லித்தியம் பேட்டரி 1,280 வாட்-மணிதான் என்றாலும், வேகமாக எடுத்தாலும் திறன் அவ்வளவாகக் குறையாது, தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. எங்கள் வீட்டுச் சுமைக்கு அது என்னுடைய 150 க்குச் சமமாகவே வரும். விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

நேரத்தைக் கூட்ட இன்னொரு பேட்டரி போடுங்கள் என்று கடையில் யோசனை சொன்னார்கள். அந்த வழியில் போனால் ஏறத்தாழ 15,000 ரூபாய், கூடவே புதிய இன்வெர்ட்டரும். அதற்குப் பதிலாக 5,800 ரூபாயில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறிகள் இரண்டை வாங்கி மாட்டினேன். பழையவை ஒவ்வொன்றும் 75 வாட் எடுத்தன, இவை முழு வேகத்தில் 30 வாட். மின்தடை நேரத்தில் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டால் மொத்தச் சுமை 150 வாட்டுக்குள் அடங்குகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துவிட்டு, எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தேன். பேட்டரியை இப்படி அடிவரை வடிப்பது நல்லதல்ல என்பதால் ஒருமுறைதான் செய்தேன். 7 மணி 40 நிமிடம் ஓடியது. சுமை பாதியானால் நேரம் இரண்டு மடங்காக வேண்டும் என்பது கடைக்காரரின் கணக்கு. இங்கே அது இரண்டே கால் மடங்காகியிருக்கிறது. வேகமாக இழுத்தபோது இழந்ததை, மெதுவாக எடுத்தபோது பேட்டரி திருப்பிக் கொடுத்திருக்கிறது.

பராமரிப்பு நாட்களில் இப்போது பிற்பகல் 2 மணிக்கு மின்சாரம் திரும்பும்போது பேட்டரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. செலவானதை நிரப்ப 12 ஆம்பியரில் எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். அன்று முன்னிரவில் மறுபடியும் மின்சாரம் போனால் முழு பேட்டரி கையில் இருப்பதாக எண்ணிக்கொள்ள முடியாது. ஆகவே அந்த ஓர் இரவுக்கு மட்டும் கூடத்து மின்விசிறியை நிறுத்திவிட்டு, என் தந்தையார் படுக்கும் அறையின் மின்விசிறியை மட்டும் ஓடவிடுகிறோம்.